ஆச்சரியக்குறிகளுக்கு அனுமதி இல்லை

'தினமும் காலையில் எனக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறீர்களே சார், அனுப்பி முடித்ததும் அதை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுகிறீர்களா?'

கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்து, அங்கே சற்று நின்று யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. வாய் வழக்கம்போல, "சரி சார்" என்றது.

"சரின்னு சொன்னா மட்டும் போதாதும்மா. போன பொருள் போன எடத்துலதான் இருக்கணும். இருந்த எடத்துல இருக்கக்கூடாது" என்றார் நகர்வு அதிகாரி. சொல்லிவிட்டு டார்ச் விளக்கோடு மறுபடியும் அலமாரிக்குள் தலையை விட்டார்.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பச்சிளம் குழந்தைகள் பிரிவின் வாசலை ஒட்டி இருந்தது அந்த இரும்பு அலமாரி. அதற்குள் ஒரு நெட்வொர்க் சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. தட்டையான ஒரு பெட்டி, முகம் முழுக்கத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு கேபிள். கண்ணாடிப் பெட்டிகளில் படுத்திருக்கும் குழந்தைகளின் மூச்சும் நாடித்துடிப்பும் இந்தக் கேபிள்கள் வழியாகத்தான் நர்ஸ் மேஜையிலுள்ள பெரிய திரைக்குப் போய்ச் சேர்கின்றன. எந்தத் துளையில் வருவதை எந்தத் துளைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஓர் அமைப்புக் கோப்பு.

சில வாரங்களாகப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை. திடீரென்று மயங்கி விழும், பிறகு தானே எழுந்துகொள்ளும். அது மயங்கிக் கிடக்கும் நேரமெல்லாம் நர்ஸ் மேஜைத் திரை கறுத்துக் கிடக்கும். கோளாறு மென்பொருளில்தான் என்று செய்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்திய மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பியிருந்தது. அந்தக் கோப்பை சுவிட்சுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும், அந்தச் சில நிமிஷம் மட்டும் திரை இருக்காது. ஏற்றுவதற்கு முன், உள்ளே இருக்கும் அமைப்புக் கோப்பை ஒரு நகல் எடுத்துக் கீழ்த்தளத்து சர்வரில் பத்திரப்படுத்த வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை.

மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற அவளை எல்லோரும் நெட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டம்மா முதல் பாதியை முடித்துவிட்டாள். முடித்த கையோடு, முறைப்படி, நகர்வுப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

"காலி எடம் எங்கம்மா?" அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எந்தக் காலி எடம் சார்?"

"ஃபைல் கீழ போயிடுச்சுன்னு சொல்றீங்க. அப்ப இங்க காலியாத்தானே இருக்கணும்?"

"கீழ போனது நகல் சார். அசல் இங்கயேதான் இருக்கு."

அவர் தலையை வெளியே எடுத்தார். டார்ச்சை அணைக்க மறந்து அவள் முகத்திலேயே அடித்தார். "அப்ப ஒரே ஃபைல் ரெண்டு எடத்துல இருக்கு."

"ஆமா சார். அதுக்காகத்தான் நகலே எடுக்கறது."

கொலைகாரனே தேடி வந்து கத்தியை ஒப்படைத்தால் போலீஸ்காரருக்கு வருவது போல அவர் முகத்தில் ஒரு நிறைவு பரவியது.

அந்த மருத்துவமனையில் நகர்வுப் பிரிவு உருவான கதையைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். முன்பொரு காலத்தில் ஒரே ஒரு நுண்ணோக்கி ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணக்கிலும் இருந்தது, கண் பிரிவின் கணக்கிலும் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள், "இன்னொன்றைக் காட்டுங்கள்" என்றார்கள். இல்லாத நுண்ணோக்கியைத் தேடி மருத்துவமனையே தலைகீழானது. நோயாளிகளின் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்கள். அன்று எடுத்த சபதம்தான், 'ஒரு பொருள், ஓர் இடம், ஒரு பொறுப்பாளர்.' அதை எல்லாச் சுவர்களிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே வாசகம் இத்தனை சுவர்களில் இருப்பது பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு மேஜையோடு தொடங்கிய நகர்வுப் பிரிவு இப்போது எல்லா மாடிகளிலும் இருக்கிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கென்று ஒதுக்கிய நாற்காலி அடுத்த அறையில் இருந்தது. எட்டி இழுத்தால் வந்துவிடும். ஆனால் அது நகர்வில் இருந்தது. பழைய இடத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது, புது இடத்துக்கு வந்து சேரவில்லை. நகர்வில் இருக்கும் நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது. மழைக்காலம் முழுவதும் நெட்டம்மா நின்றுகொண்டே வேலை பார்த்தாள். ஒருவழியாக நாற்காலி வந்து சேர்ந்ததும், 'பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது' என்று அதன் முதுகில் பித்தளைத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். சுவிட்சுக்கும் அப்படி ஒரு தகடு உண்டு. இரண்டுக்கும் பொறுப்பாளர் அவள்தான். அவளுடைய வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தர உத்தரவு தயாராகி, நிர்வாகியின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெரியவர் என்று எல்லோரும் அழைக்கும் அந்த நிர்வாகி மனம் வைக்க வேண்டும்.

"சரி, வெளிய போனதை அப்புறம் பாப்போம். உள்ள போகப்போறது எங்க?" என்றார் நகர்வு அதிகாரி.

அவள் பென்டிரைவைக் காட்டினாள்.

"இது டப்பா. உள்ள இருக்கற சரக்கு என்ன எடை?"

"ஃபைலுக்கு எடை கிடையாது சார்."

"வாசல்ல வர்ற எதையும் எடை பாக்காம உள்ள விடறதில்லைம்மா. வெறும் பென்டிரைவ் ஒண்ணு எடுத்துக்குங்க. அதை ஒரு தடவை நிறுப்போம், இதை ஒரு தடவை நிறுப்போம். வித்தியாசம் எவ்வளவோ அதுதான் ஃபைலு." சொல்லிவிட்டு, தன் அறிவு தனக்கே வியப்பாக இருப்பது போலக் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்.

மருத்துவமனையில் கிராம் சுத்தமாகக் காட்டுகிற தராசு ஒன்றே ஒன்றுதான். அது பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்தது. அங்கே தலைமை நர்ஸாக இருப்பவள் நெட்டம்மாவின் தங்கை. உள்ளங்கை அகலக் குழந்தை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் தராசுக்கு வந்த நேரத்தில், நகர்வு அதிகாரி தராசின் மெத்தையில் பென்டிரைவைக் கிடத்தியிருந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. பால் குடிச்சிருக்கு, எடை பாக்கணும்."

"ஆபீஸ் வேலைம்மா. ஒரு நிமிஷம் இருங்க."

தங்கை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்தவளின் முகத்தில் நர்ஸுக்குரிய கவலை அப்படியே இருந்தது. "ஐயோ, வெறும் உடம்போட படுக்க வச்சிருக்கீங்களே சார். குளிராதா?"

"ஏய், சும்மா இருடி" என்று நெட்டம்மா முணுமுணுத்தாள்.

வெறும் பென்டிரைவும் நிரப்பிய பென்டிரைவும் ஒரே எடை காட்டின. நகர்வு அதிகாரி திருப்பிப் போட்டு நிறுத்தார். குலுக்கிவிட்டு நிறுத்தார்.

"எடை ஏறவே இல்ல" என்றார்.

"ஏப்பம் விடலையோ என்னவோ" என்றாள் தங்கை. "முதுகுல லேசாத் தட்டிவிட்டுப் பாருங்க சார்."

"சிரிக்கற விஷயம் இல்லம்மா இது. எடையே இல்லாத ஒண்ணு உள்ள வந்தா, பொருள் வந்ததா அர்த்தம் இல்ல. வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னதா மட்டும்தான் அர்த்தம்." அவர் பார்வை நெட்டம்மாவின் மேல் வந்து நின்றது. குழந்தை அதுவரை காத்திருந்தது போல ஏப்பம் விட்டது.

இருந்தாலும் அவர் நியாயஸ்தர். தன் கண் முன்னால் ஏற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன் என்றார். அவள் லேப்டாப்பை சுவிட்சோடு இணைத்து, பென்டிரைவைச் செருகி, கட்டளையைத் தட்டினாள். கோப்பு துண்டு துண்டாகப் போகத் தொடங்கியது. ஒவ்வொரு துண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரையில் ஓர் ஆச்சரியக்குறி விழும். ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, வரிசையாக, எறும்புச் சாரி போல, ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்கும் இறங்கியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பதறினார் நகர்வு அதிகாரி. "யாரைப் பாத்துக் கத்துது இது?"

"கத்தல சார். நல்லபடியாப் போகுதுன்னு சொல்லுது."

"நல்லபடியாப் போறதுக்கு எதுக்கும்மா ஆச்சரியப்படணும்? இது ஒரு அரசாங்க மாதிரியான எடம். இங்க நாம யாரும் ஆச்சரியக்குறி போடறதில்ல. பெரியவர் பாத்தா, நம்ம வேலை நடக்கறதப் பாத்து மெஷினே ஆச்சரியப்படுதுன்னு நெனைக்க மாட்டாரா? முற்றுப்புள்ளி போடச் சொல்லுங்க."

"புள்ளி விழுந்தா போய்ச் சேரலைன்னு அர்த்தம் சார்."

அவர் சற்று யோசித்தார். "சேராட்டி என்னம்மா, பாக்க மரியாதையா இருக்குல்ல?"

பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். அவள் நிறுத்தினாள். பாதிக் கோப்பைத் துடைத்து எடுத்தாள். உள்ளுக்குள் ஒருத்தி, 'ஏன் நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எப்போதும் பதில் கிடைத்ததில்லை. அன்று மாலையே பெட்டி மறுபடியும் மயங்கி விழுந்தது. குழந்தைகளின் திரை கறுத்தது.

மறுநாள் விவகாரம் பெரியவரின் கூட்டத்துக்குப் போயிற்று. நீளமான மேஜை. மேஜையின் தலைமாட்டில் பெரியவர். கால்மாட்டில் நெட்டம்மா.

"எல்லாரும் மனசுல பட்டதத் தாராளமாச் சொல்லுங்க" என்று தொடங்கினார் பெரியவர். "முடிவு ஏற்கனவே எடுத்தாச்சு. அதனால யாரும் பயப்பட வேண்டியதில்ல. நான் இங்க வந்ததுலேருந்து எதையும் ரெண்டாவது தடவை யோசிச்சதில்ல. ஏன்? ரெண்டாவது யோசனை வந்தா மொதல் யோசனைக்கு என்ன மரியாதை? ஒரு ஃபைல் ரெண்டு எடத்துல இருந்தா, நாளைக்குத் தப்பு நடந்தா எந்த ஃபைலப் பிடிச்சுக் கேக்கறது? பொறுப்பு ரெண்டாப் பிரிஞ்சா பாதிப் பொறுப்புதான் மிஞ்சும். எனக்குப் பாதிப் பொறுப்புகூட வேண்டாம். நான் எப்பவும் அப்படித்தான்."

மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆகையினால சுவிட்சுல இருக்கறத அழிச்சிடுங்க. கீழ இருக்கறது ஒண்ணே அசல். அதை முடிச்சாத்தான் அந்தப் புது ஃபைல் உள்ள போக அனுமதி. என்னம்மா?"

"அழிச்சா, இப்ப ஓடிக்கிட்டிருக்கற வரைக்கும் ஓடும் சார்." அவளுக்குத் தன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலிருந்தது. "அடுத்த தடவை மயங்கி எழுந்திரிக்கும்போது அதுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. குழந்தைங்க திரை கறுத்தது கறுத்ததுதான். தானா திரும்பி வராது."

"கீழ இருக்கறத மேல கொண்டுபோய் வைக்க வேண்டியதுதானே?"

"வைக்கலாம் சார். உடனே வைக்கலாம்."

"உடனே எப்படி?" என்று குறுக்கிட்டார் நகர்வு அதிகாரி. "மேலேருந்து கீழ வந்தது ஒரு நகர்வு. கீழேருந்து மேல போறது தனி நகர்வு. அதை அடுத்த மாசக் கூட்டத்துலதான் வைக்க முடியும்."

பெரியவர் இரண்டு கைகளையும் விரித்தார். "பாத்தியாம்மா, எல்லாத்துக்கும் நம்மகிட்ட வழி இருக்கு. நாளைக்குக் காலையில ஒரு சின்ன விழா மாதிரி வச்சு, எல்லார் முன்னாடியும் நீயே அழிச்சிடு. உன் நிரந்தர உத்தரவக் கையோட எடுத்துட்டு வர்றேன்."

'அடுத்த மாதம் வரைக்கும் அந்தக் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா?' என்றாள் உள்ளே இருந்தவள்.

"சரி சார்" என்றது வாய்.

சாயங்காலம் வீட்டில் தங்கை வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். வெளியில் அவள் வாய்க்கு வராத கேள்விகளையெல்லாம் காதால் கேட்கும் உரிமை தங்கைக்கு மட்டும்தான் உண்டு.

"கால் ஏண்டி இப்படி வீங்கியிருக்கு?"

"திரை கறுத்தா எங்க காலுதான் திரை. பெட்டி பெட்டியா நடக்கறோம்." தங்கை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கு ஒரு குட்டி மூச்சு விட மறந்துடுச்சு அக்கா. மாசம் முடியறதுக்கு முன்னாடி பொறந்ததுங்க அப்படித்தான், திடீர்னு மறந்துடும். திரை இருந்தா உடனே சத்தம் போடும். நான் அந்தப் பக்கமா நடந்துட்டிருந்தேன், அதனால கண்ணுல பட்டுது. பாதத்துல ஒரு சுண்டு சுண்டினேன். கத்திடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நல்லாத்தான் இருக்கு. நான் மட்டும் இந்தப் பக்கமா நடந்திருந்தா?"

அக்கா மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"திரை இல்லாட்டி குழந்தைங்க மூச்சு என்ன ஆகும்னு கூட்டத்துல கேட்டியா?"

"நெனச்சேன்."

"நெனச்சியா!" தங்கை வாளியிலிருந்து காலை எடுத்தாள். "உன் மனசுக்கும் வாய்க்கும் நடுவுல எந்த நகர்வுப் பிரிவு அக்கா உக்காந்திருக்கு? சின்ன வயசுலேருந்து பாக்கறேன். உள்ள போறதெல்லாம் போகுது. ஒண்ணாவது வெளிய வருதா?"

நெட்டம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. 'சரி' என்ற சொல் அவளுக்கு ஒரு கதவு. சாத்திக்கொண்டால் உள்ளே தன் இஷ்டத்துக்கு இருக்கலாம், யாரை வேண்டுமானாலும் ஏசலாம், எல்லா வழக்கிலும் ஜெயிக்கலாம். இத்தனை வருடங்களாக அதைத் தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள். கதவுக்கு வெளியே யாரோ நடந்து நடந்து கால் வீங்கிப் போகிறார்கள் என்பது அந்த வெந்நீர் வாளியைப் பார்க்கும்வரை தோன்றவேயில்லை.

"நாளைக்குத் திரை போனாலும் போகும்னு எங்களுக்குச் சொல்லிட்டாங்க" என்றாள் தங்கை, துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே. "ஒரு பெட்டிக்கு ஒரு நர்ஸுன்னு நிறுத்தி வைக்கப்போறேன். அவங்க அழிக்கறதுக்காக நிக்க வைக்கறேன். வேற எதுக்காவது ஆள் நிக்கறது உனக்குத் தோதா இருந்தா, அது உன் பாடு."

மறுநாள் காலை அலமாரியைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. அவளுடைய நாற்காலியைப் பெரியவரின் விசேஷ உத்தரவின்படி அவளைக்கொண்டே கீழிருந்து மேலே நகர்த்தி, அலமாரிக்கு முன்னால் போட வைத்திருந்தார்கள். முன்னே சின்ன மேஜை, மேஜை மேல் லேப்டாப், அதில் பென்டிரைவ். குழந்தைகள் பிரிவின் கதவு பாதி திறந்திருந்தது. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் பக்கத்திலும் ஒரு நர்ஸ் நிற்பது தெரிந்தது.

பெரியவர் ரிப்பனை வெட்டினார். "நெறைய பேர் எதையாவது உருவாக்கினதுக்கு விழா எடுப்பாங்க" என்றார். "எதையும் உருவாக்காம, இருக்கறத அழிக்கறதுக்கு விழா எடுக்கற துணிச்சல் நமக்கு மட்டும்தான் இருக்கு." கைதட்டினார்கள். உள்ளே குழந்தைகள் தூங்குவதால் மெதுவாகத் தட்டும்படி ஒரு நர்ஸ் சைகை காட்டினாள்.

"ம், அழிச்சிடுங்கம்மா" என்றார் நகர்வு அதிகாரி.

அவள் கை பழக்கத்தில் கட்டளையைத் தட்டியது. பெட்டி உடனே அழித்துவிடவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. 'எல்லாம் அழிந்துவிடும். நிச்சயம்தானா?'

நெட்டம்மா அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை மாடிகள், இத்தனை பிரிவுகள், இத்தனை பேர். அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இல்லை என்று தட்டினாள். பிறகு அடுத்த கட்டளையைத் தட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் நகர்வு அதிகாரி.

"சார், இன்னைக்குக் காலையில எனக்கு ஒரு ரோஜா அனுப்பினீங்களே. அதை உங்க போன்லேருந்து அழிச்சிட்டீங்களா?"

"அதை எப்படிம்மா அழிப்பேன்? நாளைக்கும் அனுப்பணுமே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தார். ஆச்சரியக்குறிகள் வரிசை கட்டி ஓடிக்கொண்டிருந்தன. "ஐயையோ, மறுபடியும் கத்துதே! யாரைப் பாத்தும்மா கத்துது?"

"உங்களைப் பாத்துத்தான் சார்."

பெரியவருக்கு ஏதோ ஒன்று தன் கையெழுத்து இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. சட்டைப்பையிலிருந்து நிரந்தர உத்தரவை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டினார். "அழிக்காம ஏத்தறியா? இதப் பாத்தியா? இது இன்னும் என் பையிலதான் இருக்கு."

"இருக்கட்டும் சார். இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"எழுந்திரும்மா. அவர் உக்காந்து நிறுத்தட்டும்."

நகர்வு அதிகாரி நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார். பித்தளைத் தகட்டைக் கண்டதும் கை தானாகவே பின்னுக்குப் போயிற்று. பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அவரே நின்று அடிக்க வைத்த தகடு. சுவிட்சின் மேலும் அதே தகடு. அவர் இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். அந்த மருத்துவமனையில் தகட்டை மீறுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை.

பாதி திறந்த கதவில் தங்கை வந்து நின்றாள். உள்ளே எல்லோரும் தயார் என்பதற்கு அடையாளமாகக் கட்டைவிரலை உயர்த்தினாள். திரையில் ஒரு வரி நிறைந்து, அடுத்த வரி தொடங்கியது. ஒரு புள்ளிகூட விழவில்லை.

"நிறுத்தும்மா" என்றார் பெரியவர். இந்த முறை அது கிட்டத்தட்டக் கெஞ்சலாக இருந்தது. "நான் சொல்றேன், நிறுத்து."

சரி என்ற சொல் பழக்கப்பட்ட வழியில் அவள் வாய் வரைக்கும் வந்தது. அதை அங்கேயே நிற்க வைத்தாள்.

"மாட்டேன் சார்" என்றாள், தூங்குகிற குழந்தைகள் எழுந்துவிடாதபடி மெதுவாக.